மேடற்ற நிலத்தின் கடினம்: வன்னியில் சைக்கிளுக்குத் திரும்புவோரும் பாதைத் தேர்வும்

வன்னிப் பெருநிலத்தில் சைக்கிளைப் பல ஆண்டுகள் விட்டிருந்தவர் மீண்டும் அதில் ஏறும்போது முதலில் எந்தப் பாதையைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது, மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கேள்வியாகவே தோன்றாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களும் பெரும்பாலும் சமதரையாகவே கிடக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கும் வவுனியா நகரிலிருந்து ஏ-9 வீதி வழியே கிளிநொச்சிக்கு உள்ள ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தூரத்தில் நிலத்தின் சராசரி இறக்கம் ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு மீற்றர்கூட இல்லை. தடித்த ரயரும் பல கியரும் உறுதியான சட்டமும் கொண்டு கரடுமுரடான நிலத்துக்கென ஆக்கப்பட்ட மவுண்டன் பைக், அதாவது வன்னிக் கடைகளில் பொதுவாகக் கியர் சைக்கிள் என்று கேட்டு வாங்கப்படும் வண்டி, மலையே இல்லாத இந்த நிலத்தில் என்ன செய்யப் போகிறது என்றுகூடக் கேட்கலாம். எனினும், இடைவெளிக்குப் பின் திரும்புவோர் முதல் வாரத்திலேயே களைத்து வண்டியை மீண்டும் சுவரில் சாத்திவிடுவது இங்கும் நடப்பதே. அதற்குக் காரணம் சரிவு அன்று. வன்னிப் பாதையின் கடினம் காற்றிலும் மணலிலும் வெயிலிலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பிவர வேண்டிய தூரத்திலும் இருக்கிறது. அந்தக் கடினத்தை அளக்கப் பெரும்பாலானோர் கையிலெடுக்கும் கருவியோ தம் பழைய ஞாபகம் ஒன்றுதான்.

அந்த ஞாபகத்தை எளிதில் தள்ளிவிட முடியாதபடி ஆக்கியது வன்னியின் வரலாறு. 1990 முதல் எரிபொருளும் பற்றரியும் உட்படப் பல பொருட்கள் மீதான தடை நிலவிய பன்னிரண்டு ஆண்டுகளில், சைக்கிள் இங்கு உடற்பயிற்சிக்கான கருவியாக அன்றி லொறியாகவும் அம்புலன்சாகவும் பள்ளிக்கூட வாகனமாகவும் தொழிற்பட்டது. நெல்மூடையும் விறகுக் கட்டும் தண்ணீர்க் கானும் கரியரில் ஏறின. நோயாளி முன்பாரில் அமர்ந்து சென்றார். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்கப்பட்டது. 1995 ஒக்ரோபரின் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பங்களில் பலவற்றுக்கு எஞ்சிய பெருஞ்சொத்து ஒரு லுமாலா அல்லது ரலி சைக்கிள் மட்டுமே. 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் உள்ளே வந்தன. 2006 ஓகஸ்ட்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபோது, கைவிடப்பட்ட சைக்கிள்கள் முள்ளிவாய்க்கால் மணலில் குவியல்களாகக் கிடந்தன. மீள்குடியேற்றக் காலத்தில் இந்திய அரசு வடக்குக்கு வழங்கிய 10,000 சைக்கிள்களும் வேறு நிறுவனங்கள் கொடுத்தவையும் சில ஆண்டுகள் ஓடின. பிறகு லீசிங் கம்பனிகள் வந்தன. மாதத் தவணையில் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ வாங்க முடிந்தபோது, சைக்கிள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் உரியதாகச் சுருங்கியது. பெண்களிடம் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாக நிகழ்ந்தது. மிதிவண்டியிலேயே பள்ளிக்கும் வேலைக்கும் சென்றுவந்த ஒரு தலைமுறை, ஸ்கூட்டிக்கு மாறியபின் மிதிப்பதையே விட்டுவிட்டது.

2022இன் எரிபொருள் நெருக்கடியே அந்தத் தலைமுறையை மீண்டும் சைக்கிளுக்கு இழுத்தது. கியூ.ஆர். அட்டை வழங்கப்படுவதற்கு முன்பிருந்த மாதங்களில் எரிபொருள் நிலைய வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, புதிய சைக்கிளின் விலை பல மடங்காக ஏறியது. கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்தவை எண்ணெய் பூசப்பட்டு வெளியே வந்தன. பெற்றோல் திரும்பியதும் பலர் மீண்டும் இறங்கிவிட்டனர் என்றாலும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியர் சொன்ன அறிவுரையால் தொடர்ந்தவர்களும், புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்து தாம் ஓடித்திரிந்த பாதைகளைத் தேடுபவர்களும், நகரங்களில் கியர் சைக்கிளோடு காலையில் புறப்படும் அரச உத்தியோகத்தர்களும் இன்று ஒரே கேள்வியின் முன் நிற்கிறார்கள். இவர்களுள் மிக எளிதில் ஏமாறக்கூடியவர், முன்பு மிக நன்றாக ஓடியவரே. இரண்டு மூடை நெல்லோடு மல்லாவியிலிருந்து மாங்குளம் வரை மிதித்தவருக்கு வெறும் வண்டியில் பத்துக் கிலோமீற்றர் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் அந்தக் கணக்கைப் போடுவது இருபத்தைந்து வயதின் உடல்.

உலகின் பிற பகுதிகளில் இக்கேள்விக்குக் கிடைக்கும் ஆயத்த விடை, தடத்தின் தரக்குறியைப் பார்த்துத் தெரிவு செய் என்பதாகும். சர்வதேச மவுண்டன் பைக் சங்கம், பனிச்சறுக்குச் சரிவுகளில் வழங்கிய குறிகளைத் தழுவி, வெள்ளை வட்டம், பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று ஐந்து படிகளை வகுத்துள்ளது. தடத்தின் அகலம், மேற்பரப்பு, சராசரிச் சரிவு, உச்சச் சரிவு, குறுக்கிடும் தடைகள் ஆகியவையே இப்பகுப்பின் அளவுகோல்கள். பச்சை வட்டத் தடத்தின் சராசரிச் சரிவு 100 மீற்றருக்கு 5 மீற்றரைத் தாண்டக்கூடாது. இந்த முறையின் வேரில் புவியீர்ப்பு இருக்கிறது என்பதை மவுண்டன் பைக்கின் பிறப்பே காட்டும். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர் சிலர் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களில் டமல்பாயிஸ் மலைப்பக்கத்துச் சரிவுகளில் பாய்ந்திறங்கினர். 1976இல் தொடங்கிய அவர்களின் பந்தயத்துக்கு, ஒவ்வோர் ஓட்டத்திலும் பின்சில்லுப் பிறேக்கினுள் உருகிப்போகும் கிறீசை மீண்டும் அடைக்க வேண்டியிருந்ததாலேயே ரீபேக் என்ற பெயர் வந்தது. இறங்குவதற்காகப் பிறந்த வண்டிக்கு இறக்கத்தின் அடிப்படையில் தரம் பிரிப்பது இயல்பே. வன்னியின் குளக்கட்டையும் வாய்க்கால் வீதியையும் காட்டுப் பாதையையும் அதே அளவுகோலில் வைத்தால் அனைத்தும் பச்சை வட்டத்துக்குள் அடங்கிவிடும்; அப்படி அடங்கும் ஒரு பட்டியலால் யாருக்கும் பயன் இல்லை.

சரிவின் இடத்தில் இங்கு நிற்பது காற்று. வைகாசியில் எழுந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகமும், மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் திறந்த வயல்வெளிகளில் தடுப்பாரின்றி ஓடுகின்றன. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதிப்பவரை மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்காற்று சந்தித்தால், அவர் உடலில் மோதும் காற்றின் வேகம் 35 ஆகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால் அது காற்றற்ற நாளைப்போல் ஐந்து மடங்குக்கு மேலாகிறது. நிமிர்ந்து அமரும் சராசரி உடலும் வண்டியுமாக 90 கிலோகிராம் எனக் கொண்டால், இந்த மேலதிகத் தடை 100 மீற்றருக்கு ஏறத்தாழ 3 மீற்றர் உயரும் ஏற்றத்துக்குச் சமமாகும். மலைநாட்டின் ஏற்றத்துக்கு ஓர் உச்சி உண்டு, அதன் பின் இறக்கமும் உண்டு. சோளகத்துக்கு எதிரான ஏற்றத்துக்கு உச்சி கிடையாது. போகும்போது முதுகில் தட்டிக்கொடுக்கும் அதே காற்று, களைத்த உடலோடு திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. ஆகவே பாதையைத் தெரிவு செய்வதில் தூரத்தைவிடத் திசை முந்துகிறது: சோளகக் காலத்தில் கிளிநொச்சி நகரிலிருந்து புறப்படுபவர் முதலில் தென்மேற்கே அக்கராயன் பக்கம் சென்று காற்றோடு திரும்புவதும், வாடைக் காலத்தில் முதலில் பரந்தன், கண்டாவளைப் பக்கம் செல்வதும் உடலுக்கு உகந்தவை. பக்கக்காற்றுக்கு வேறொரு குணம் உண்டு. பரந்தனிலிருந்து தென்கிழக்கே முல்லைத்தீவை நோக்கும் ஏ-35 வீதியில் சோளகம் வலப்பக்கத்திலிருந்து வீசுவதால், ஓடுபவர் தம்மையறியாமல் வலப்பக்கம் சாய்ந்தே ஓடுகிறார். அவரை முந்தும் பஸ் ஒரு கணம் காற்றை மறைத்ததும் அந்தச் சாய்வு அவரைப் பஸ்ஸின் பக்கமே தள்ளுகிறது. பழகியவர் இதைத் தோளால் உணர்ந்து சமாளிப்பார். பத்து ஆண்டுகள் விட்டவரின் தோளுக்கு அது மறந்துபோயிருக்கும்.

மேற்பரப்பின் அடிப்படையில் வன்னிப் பாதைகளைப் பார்த்தால் முதலில் நிற்பது, போருக்குப் பின் பரவிய காபெற் வீதி, அதாவது இயந்திரத்தால் மழமழப்பாகத் தாரிட்ட வீதி. உருள்வதற்கு இதைவிட இலகுவானது இல்லை. ஆனால் ஏ-9இல் இரவு பகலாக ஓடும் நெடுந்தூர பஸ்களின் வேகத்தை எண்ணினால், தடுமாற்றம் தீராதவருக்கு இது பொருந்தாது. குழிகளுக்கிடையே வாகனங்களே ஊர்ந்து சென்ற பழைய ஏ-9ஐ மனத்தில் வைத்திருப்பவர், புதிய வீதியின் ஓரத்தில் தமக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத் தவறாகவே மதிப்பிடுவார். அடுத்தது கிறவல் வீதி. செம்மண்ணும் சிறுகல்லும் கலந்து இறுக்கிய இவ்வீதி நன்கு பராமரிக்கப்பட்டால் சைக்கிளுக்கு மிக நல்லது. டிப்பர்கள் ஓடத் தொடங்கியதும் குறுக்கே சிற்றலை போன்ற மடிப்புகள் எழுந்து, கைமணிக்கட்டுகளையும் இடுப்பையும் உலுக்கும். மவுண்டன் பைக்கின் முன் அதிர்வுதாங்கியும் அகன்ற ரயரும் உண்மையில் பயன்படும் இடம் இதுவே.

குளக்கட்டைப் பற்றி விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் திரும்புவோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது அதுதான். வவுனியா நகரைச் சூழ்ந்த சிறுகுளங்கள் தொடக்கம், வடமாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம் வரை, குளமும் கட்டும் இல்லாத ஊர் இங்கு அரிது. வாகனம் குறைவு, நீர்ப்பக்கக் குளிர்ச்சி உண்டு, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது, வேண்டிய இடத்தில் திரும்பலாம் என்பன கட்டின் நன்மைகள். ஆயினும் கட்டு என்பது ஒரு மேடு. அது காற்றுக்கு முழுமையாகத் திறந்தது. ஒருபுறம் கல் அடுக்கிய நீர்ச்சரிவும் மறுபுறம் புல் மூடிய இறக்கமும் இருக்க, மாடுகள் எதிரே வந்தால் ஒதுங்குவதற்கு இடமில்லை. சமநிலை இன்னும் கைக்கு வராதவருக்குக் கட்டு முதற்பாதையாக இருக்க முடியாது. மாலைப் பொழுதில் வெறுமையாகும் பள்ளிக்கூட விளையாட்டு மைதானமே அதற்கு ஏற்றது. பெரிய குளங்களின் கட்டும் துருசும், அதாவது நீரைத் திறந்துவிடும் மடையும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால், மாரியில் நீர்மட்டம் உயரும்போது அங்கு நடமாட்டம் கட்டுப்படுத்தப்படலாம் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

கட்டைவிடச் சிறந்த தொடக்கம் அதன் கீழே கிடக்கிறது. இரணைமடுவின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களை ஒட்டிய வீதிகளும் அவற்றிலிருந்து பிரியும் கிளைவாய்க்கால் வீதிகளும், குடியேற்றத் திட்டங்கள் வயல்களை அளந்து பிரித்தபோது உருவான ஒரு வலைப்பின்னல். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று எண்களே இடப்பெயர்களாகிவிட்டன. இவ்வெண்கள் தாமே ஓர் ஏணி: இந்த வாரம் எட்டாம் வாய்க்காலில் திரும்பியவர் உடல் இடங்கொடுத்தால் அடுத்த வாரம் பத்தாம் வாய்க்கால் வரை செல்லலாம், இடையில் களைத்தால் வீட்டுக்குக் குறுக்கு வழி ஒவ்வொரு சந்தியிலும் உண்டு. வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை ஆகிய பக்கங்களிலும் இதுவே நிலை. போய்த்திரும்பும் ஒற்றைப் பாதையில் களைப்பு தெரியும்போது ஏற்கனவே பாதித் தூரம் கடந்திருக்கும். வலைப்பின்னலில் அப்படி இல்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எவரும் சைக்கிளோட்டிகளை மனத்தில் வைத்து வாய்க்கால் வெட்டியிருக்க மாட்டார், எனினும் தேவையான இடமெல்லாம் திரும்பும் வழியுள்ள பயிற்சித் தடம் வன்னிக்கு அவர்கள் வழியாகவே கிடைத்திருக்கிறது. பக்கச்சுவர் இல்லாத சிறுபாலங்களில் இறங்கி நடப்பது மட்டும் தொடக்கத்தில் விதியாக இருக்கட்டும்.

முல்லைத்தீவின் கரையோரம் முற்றிலும் வேறு. அலம்பில், செம்மலை, கொக்கிளாய்ப் பக்கத்து மணல் தரையில் மெல்லிய ரயர் புதைகிறது. முன்சில்லு தன் விருப்பப்படி திரும்புகிறது. பாரத்தைச் சற்றுப் பின்னே கொண்டு, இலகுவான கியரில், மிதிப்பை நிறுத்தாமல், கைப்பிடியை இறுக்காமல் கடக்க வேண்டும் என்பது எழுதுவதற்கு எளிது. அதைச் செய்யும் மூச்சு சில மாதப் பயிற்சிக்குப் பிறகே வரும். ஆகவே மணற்பாதையை மூன்றாம் நான்காம் மாதத்துக்கு ஒத்திவைப்பதே முறை.

உடலைப் பற்றிய மருத்துவ அறிவு இங்கு ஒரு முரண்பாட்டைக் காட்டுகிறது. சைக்கிளோட்டும் திறன் செயல்ஞாபகம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. அது பல பத்தாண்டுகள் கழிந்தும் அழிவதில்லை, ஆகவே ஏறிய சில நிமிடங்களில் எல்லாம் திரும்பிவிட்டதாகத் தோன்றும். இதயமும் நுரையீரலும் அப்படியல்ல, பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே அவற்றின் கொள்ளளவு இறங்கத் தொடங்கிவிடும். மீண்டும் தொடங்கினால் அவை சில வாரங்களில் ஓரளவு தேறும். தசைநாண்களும் மூட்டுப் பிணைப்புகளும் தேற மாதங்கள் பிடிக்கும். கை நினைவில் வைத்திருக்கும் வித்தை, மூச்சு இடங்கொடுக்கும் வேகம், முழங்கால் தாங்கும் பாரம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நாட்காட்டிகளில் நகர்வதால், முழங்காலின் நாட்காட்டியைப் பின்பற்றுபவரே நீடிப்பார். வெயிலுக்கு உடல் பழகவும் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். குளிர்நாட்டிலிருந்து வந்திறங்கிய மறுநாளே பங்குனி வெயிலில் புறப்படுவோர் இதை அறிந்திருப்பது நல்லது. சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வவுனியா மாவட்டத்தில் நீரிழப்பை அற்பமாகக் கொள்ள முடியாது. அந்நோய் உள்ளவர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

போரில் ஒரு காலை இழந்தும் சைக்கிளோட்டுவோரின் நிலை இந்நிலத்துக்குரிய தனிக்கேள்வி. ஒற்றைக்காலால் மிதிப்பவருக்கு மிதி கீழே சென்றபின் மேலே எழும் அரைச்சுற்றில் வண்டி தன் உந்துவேகத்தாலேயே நகர்கிறது; பாதத்தை மிதியோடு பிணைக்கும் பட்டி இருந்தால் காலும் சிறிது துணை செய்யும். உந்துவேகத்தைக் குடிக்கும் மணலும் அடிக்கடி நிற்கவைக்கும் சந்தியும் அவருக்கு மற்றவரைவிட மிகக் கடினம். எதிர்காற்றற்ற நீண்ட நேரான கிறவல் வீதி, பிறர் சலிப்பானது என்று ஒதுக்கினாலும், அவருக்கு மிகச் சிறந்தது. எந்தப் பாதைக்கும் எல்லாருக்கும் பொதுவான ஒரே தரக்குறியை ஒட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காட்டுப் பாதைகளுக்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு. பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த காடுகளினூடே செல்லும் வண்டில் பாதைகளும் ஒற்றையடிப் பாதைகளும் மவுண்டன் பைக்காரரின் மனத்தை இழுப்பவை. ஆனால் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடிவுறவில்லை. இலங்கை 2017இல் ஆளெதிர் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்து, 2028 ஜூன் வரை அகற்றலுக்குக் காலக்கெடு பெற்றுள்ளது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையும் சிவப்பு வண்ணமிட்ட கட்டைகளும் உள்ள பக்கம் ஓர் அடிகூட வைக்கலாகாது. பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் அன்றாடம் நடக்கும் தடத்தை விட்டு விலகாமலிருப்பதே வழக்கமாக வேண்டும். குறுக்குவழி தேடும் ஆர்வத்துக்கு இந்நிலத்தில் இடமில்லை. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லைக்குள்ளும், 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் போன்ற இடங்களிலும் நுழைவதற்கு அனுமதி தேவை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானை, இருள் விலகுமுன்பும் பொழுது சாய்ந்தபின்பும் வீதியைக் கடக்கிறது, கரடியும் உண்டு. இங்கே இரண்டு அறிவுரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன: வெயில் விடியுமுன் புறப்படச் சொல்கிறது, யானை விடிந்தபின் புறப்படச் சொல்கிறது. நகரத்துக் குளத்தைச் சுற்றுபவர் முதலாவதையும், காட்டு வீதியில் செல்பவர் இரண்டாவதையும் கேட்க வேண்டும். காட்டில் தூரத்தைக் குறைத்துக்கொண்டால் வெயிலின் பகை பெரிதாகாது.

இனி, பாதையாக இல்லாமற்போன பாதைகள். 1990இல் ரயில் நின்றபின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குச் சென்றன. எஞ்சிய மேடு பலருக்கு நடைவழியாயிற்று. 2013 செப்டெம்பரில் ரயில் மீண்டும் கிளிநொச்சியை அடைந்ததோடு அந்த வழி முடிந்தது. பழக்கத்தால் அதை நாடுவோர் பாதுகாப்பற்ற கடவைகளில் உயிராபத்தைத் தேடிக்கொள்கின்றனர். வட்டுவாகல் பாலம் வழியே முள்ளிவாய்க்கால் செல்லும் வீதி வரைபடத்தில் இன்னும் பாதைதான். ஆனால் அவ்வழியில் 2009இல் நடந்துவந்த ஒருவருக்கு அது எத்தகைய பாதை என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. பல ஆண்டுகளுக்குப் பின் அங்கு முதன்முறை செல்பவர் தனியே செல்லாதிருத்தல் நன்று என்பதற்குமேல் இதில் பரிந்துரைக்க எதுவும் இல்லை.

வண்டியைக் குறித்துச் சிறிதே சொல்லலாம். பழைய 28 அங்குலச் சில்லுச் சைக்கிள் தாரிலும் வாய்க்கால் வீதியிலும் இன்றும் போதுமானது; கிறவலும் மணலும் நோக்கமானால் இரண்டு அங்குல அகல ரயர் வேண்டும், அதிலும் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட வேண்டும். நெருஞ்சியும் உடைமுள்ளும் ரயரின் விலையைப் பார்த்துக் குத்துவதில்லை. ஒட்டுப்போடும் சைக்கிள் கடைகள் சந்திக்குச் சந்தி இருந்த காலம் போய்விட்டபடியால், மாற்று ரியூபும் கைப்பம்பும் இல்லாதவர் செல்லத்தக்க தூரம், வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பத்தக்க தூரம் மட்டுமே.

பருவம் இவை அனைத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி எழுதுகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை பொழியும்போது கிறவல் சேறாகும், வாய்க்கால் வீதிகள் நீருக்கடியில் போகும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் முழுவதும் வெள்ளக்காடாயின. ஆனியிலும் ஆடியிலும் சோளகம் உச்சத்தில் நிற்கும். இவற்றுக்கிடையே தை பிற்பகுதியிலிருந்து பங்குனி நடு வரை ஒரு நல்ல இடைவெளி கிடைக்கிறது: மண் ஈரத்தில் இறுகியிருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வாடை ஓய்ந்து சோளகம் எழாதிருக்கும். திரும்புவோர் தொடங்குவதற்கு இதுவே ஏற்ற காலம். காலபோக நெல் அறுவடையாவதும் அப்போதுதான். வீதியின் ஒரு பக்கம் முழுவதும் நெல் உலரக் கிடக்கும், அதன் மேல் ரயர் ஏறினால் வயலுக்காரர் கோபிப்பார், சுற்றிப்போனால் எதிரே உழவு இயந்திரம் வரும். இறங்கி உருட்டிச் செல்ல வேண்டிய அந்த நூறு மீற்றரையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.